பள்ளத்துக்கு அந்தப் பக்கம் விருந்தாளிகள்

என் அம்மா விதோசவாவின் முகம் எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. குரல் எல்லோருக்கும் தெரியும். பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். வேலையில் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை அதே கண்ணாடி அறை, அதே மைக்.

தாமதம் குற்றமில்லை, சொல்லாமல் இருப்பதுதான் குற்றம் என்பது அவள் கட்சி. ஒரு ஜனவரியில் பெல்கிரேடு பஸ் மலைப்பாதையில் பனியில் சிக்கிக்கொண்டது. தொலைபேசிக் கம்பி அறுந்திருந்தது. காத்திருந்தவர்களுக்குச் சொல்ல அம்மாவிடம் ஒன்றுமில்லை. அதையே சொன்னாள். "பெல்கிரேடு பஸ் குறித்து இதுவரை தகவல் இல்லை." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். பிறகு மறுபடியும். மேலாளர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தாராம்.

"தகவல் இல்லேன்னு எதுக்கும்மா மைக்குல சொல்றே? ஜனங்க பயப்படுவாங்க."

"சொல்லலேன்னாதான் சார் பயப்படுவாங்க. இங்க ஒருத்தி உட்காந்து பாத்துக்கிட்டிருக்கான்னு தெரியட்டும்."

அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவள் கடைசி வருடம்தான் முதலில் வருகிறது. அந்த வருடம் முழுக்க எங்கள் தெரு தோண்டப்பட்டுக் கிடந்தது.

நான் குடிநீர்க் குழாய்களை வடிவமைக்கும் பொறியாளர். பெல்கிரேடில் வேலை. ஒரு தெருவைத் தோண்டுவதற்கு வரிசை உண்டு. ஆழமானது முதலில், அதாவது சாக்கடை. அதற்கு மேல் குடிநீர். அதற்கும் மேல் எரிவாயு, கம்பிகள். எல்லாம் முடிந்தபின் தார். எங்கள் அக்ரூட் தெருவில் தார் முதலில் வந்தது. ஏப்ரலில் கறுப்பாக, வழவழப்பாகப் போட்டுவிட்டுப் போனார்கள். ஜூனில் அதை வெட்டிக் குடிநீர்க் குழாய் பதித்தார்கள். செப்டம்பரில் சாக்கடைக்குத் தோண்டியபோது அந்தப் புதுக் குடிநீர்க் குழாயையே உடைத்தார்கள்.

அம்மா எனக்குப் போன் செய்வாள்.

"உங்க ஆளுங்க மறுபடியும் வந்துட்டாங்க."

"அவங்க என் ஆளுங்க இல்லம்மா."

"குழாய் போடுறாங்கல்ல? அப்ப உன் ஆளுங்கதான்."

குழாய் உடைந்த அன்று பக்கத்து வீட்டு தெசாங்கா தலைக்குச் சாயம் பூசி ஊறவைத்திருந்தாள். அலசப் போனால் குழாயில் காற்றுதான் வந்தது. பாதி ஊதாத் தலையோடு, தோளில் துண்டோடு தெருவுக்கு வந்து நின்றாள்.

"யாருடா தண்ணிய நிறுத்தினது? இந்தத் தலையோடவா நான் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறது?"

பள்ளத்துக்குள் இருந்த ஆட்கள் சிரித்தார்கள். மேஸ்திரி கோய்கோ மட்டும் சிரிக்கவில்லை. பருத்த உடம்பு, சாதுவான ஆள். யார் எதைக் கேட்டாலும் "நாளைக்கு" என்பது அவன் பதில். மறுநாள் காலை அம்மா அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, இன்னிக்குத் தண்ணி எப்ப நிக்கும்?"

"மத்தியானத்துக்கு மேல இருக்கும்மா."

"சாயங்காலமும் மத்தியானத்துக்கு மேலதான். மணியச் சொல்லு."

"எனக்கே தெரியாதும்மா. மேலேர்ந்து சொல்லணும்."

"அப்ப தெரியாதுன்னு சொல்லு. அதுவும் தகவல்தான்."

வீட்டுக்குள் போனாள். மாடி ஜன்னலைத் திறந்தாள். மைக் இல்லை. அவளுக்கு அது தேவையும் இல்லை.

"கவனியுங்கள். அக்ரூட் தெருவில் இன்று குடிநீர் நிறுத்தப்படும். எப்போது நிறுத்தப்படும், எப்போது திரும்ப வரும் என்பது கோய்கோவுக்கும் தெரியாது. வாளிகளை இப்போதே நிரப்பிக்கொள்ளவும்."

தெரு முழுக்கச் சிரித்தது. ஆனால் வாளிகள் நிரம்பின. அன்றிலிருந்து காலைதோறும் ஓர் அறிவிப்பு. எந்தப் பக்கம் நடக்கலாம், எந்த வீட்டு முன்னால் பலகை ஆடுகிறது, குப்பை வண்டி தெருமுனைவரைதான் வரும். தோண்டும் இயந்திரத்தை ஓட்டிய ஷார்கோ, அம்மா ஜன்னலைத் திறந்தால் எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்பான். சில வாரங்களில் கோய்கோவே ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்கப் பழகிவிட்டான். வராவிட்டால் தன் பெயரும் அறிவிப்பில் வரும் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

அக்டோபரில் ஒருநாள் போனில் தெருவைப் பற்றிப் பேசாமல் வேறொன்று சொன்னாள்.

"இந்த வருஷம் ஸ்லாவா ரொட்டிய உன் கையில குடுக்கப் போறேன்."

எங்கள் குடும்பத்துப் புனிதர் அதிதூதர் மிக்கேல். அவர் நாள் நவம்பர் இருபத்தொன்று. அதுதான் எங்கள் ஸ்லாவா. அன்று காலை ஏற்றிய மெழுகுவத்தி நாள் முழுக்க அணையாமல் எரிய வேண்டும். வீட்டுக்காரர் வாசலைத் தாண்டக் கூடாது, உட்காரவும் கூடாது, வருகிறவர்களை நின்றுகொண்டே கவனிக்க வேண்டும். இந்தப் பொறுப்பு அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். எங்கள் வீட்டில் மகன் இல்லை. அப்பா போனபின் அம்மா நடத்தினாள். இப்போது எனக்கு.

"ஏம்மா இந்த வருஷமே?"

"போன வாரம் டாக்டர்கிட்டப் போனேன். நெஞ்சுல கருவிய வச்சு ரொம்ப நேரம் கேட்டான். ஒண்ணும் சொல்லல. அவன் சொல்லாததுலதான் எனக்குப் புரிஞ்சுது."

போனைக் காதிலிருந்து விலக்கி மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"அழாதடி. பொம்பளைக்கிட்டேர்ந்து பொம்பளைக்குப் போறதுன்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. அதனால ஆளுங்க முன்னாடி நடக்கணும். முக்கியமா லியூபிசாவ் வரணும்."

லியூபிசாவ், என் அப்பா அம்மா கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழர். எனக்கு ஞானத்தகப்பன். எங்கள் வீட்டில் வீட்டுக்காரரோடு சேர்ந்து ரொட்டியை வெட்டுகிறவர் அவர்தான். அவர் இல்லாமல் கைமாற்றினால் அது வெறும் சமையலறை விஷயம். அந்த வருடம் இடுப்பு எலும்பில் அறுவைசிகிச்சை ஆகி, இரண்டு ஊன்றுகோல்களில் நடந்துகொண்டிருந்தார். எங்கள் வாசலுக்கு நேராக ஆள் உயரத்துக்குப் பள்ளம். அதன் மேல் ஈரத்தில் வழுக்கும் ஒரு பலகை.

நவம்பரில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். விடாமல் மழை. பள்ளத்தில் குழாய் பதித்தாகிவிட்டது, இணைப்புகளைச் சோதிக்கவில்லை. அதனால் மூடவில்லை.

"அம்மா, லியூபிசாவ் மாமாவுக்கு ஒரு போன் போட்டு நெலமையச் சொல்லிடலாமே. நாங்க நாலு பேரு தூக்கிக்கிட்டு வந்துடுவோம்."

"ஸ்லாவாவுக்கு யாரையாவது கூப்பிடுவாங்களா?"

"கூப்பிடல. வழிதான் சொல்றோம்."

"வழி சொன்னா கூப்பிட்ட மாதிரிதான். வர்றவங்க தானா வரணும். உங்க தாத்தா காலத்துலேர்ந்து இந்த வீட்டுல யாரையும் கூப்பிட்டதில்ல."

ஊருக்கெல்லாம் அறிவித்தவள் தன் வீட்டு நாளுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாது. வழக்கம் அப்படி. என்னால் முடிந்தது ஒன்றுதான். கோய்கோவிடம் போனேன். சோதனை முடியாமல் மூட முடியாது, சரி. வாசல்களுக்கு முன்னால் இரும்புத் தகடு போடலாமே?

"தகடு இருக்கு மேடம். அந்த ஜல்லிக் குவியலுக்கு அடியில மாட்டிக்கிச்சு. ஷார்கோ மெஷினை வச்சு எடுத்துடுவான்."

"எப்ப?"

"நாளைக்கு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காலையில மொத வேலை அதுதான். சத்தியமா," என்றான்.

அம்மா சமையலறையில் முட்டைக்கோஸ் இலையில் கறியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தெசாங்கா உதவிக்கு வந்திருந்தாள். இனிப்புக் கோதுமைக்கு அக்ரூட் பருப்பு அரைத்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

"அதிதூதருக்கு எதுக்குடி கோதுமை? அது செத்தவங்களுக்கு வைக்கிறது. அவரு உயிரோட இருக்கிற தேவதூதரு."

"அவருக்கு வைக்கல. என் புருஷனுக்கு வைக்கிறேன். தூதருக்கு வேணும்னா அவரும் ஒரு கரண்டி எடுத்துக்கட்டும்."

இருபத்தொன்றாம் தேதி காலை மழை விட்டிருந்தது. அம்மா நல்ல கறுப்பு உடுப்பு போட்டுக்கொண்டு மெழுகுவத்தியை ஏற்றினாள். நான் ஜன்னலருகே நின்று எஞ்சின் சத்தத்துக்குக் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. தெருமுனையில் ஜல்லிக் குவியல் அப்படியே இருந்தது. இயந்திரம் தன் கையை மண்ணில் ஊன்றித் தூங்கியது. கோய்கோ மட்டும் தனியாக வந்து பள்ளத்தின் ஓரம் நின்றான்.

அம்மா ஜன்னலிலிருந்து கேட்டாள். "தம்பி, உன் ஆளுங்க எங்க?"

"அம்மா... ஷார்கோவுக்கும் இன்னிக்கு ஸ்லாவா. அவனுக்கும் மிக்கேல்தான். இன்னும் ரெண்டு பேருக்கும். சட்டப்படி லீவு. நான் யோசிக்கல."

"உனக்கு யாரு?"

"நிக்கோலாஸ். அது டிசம்பர்லம்மா."

"அதான். உன் கேலண்டர்ல டிசம்பர்தான் சிவப்பு. பாதி ஊருக்கு மிக்கேல் நாள், இன்னிக்குப் போய் தகடு போடுறேன்னு திட்டம் போட்டியே, நீ எங்க, ஜப்பான்லயா பொறந்தே?"

அவன் தலைகுனிந்தான். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஏப்ரலிலிருந்து சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அவன் தலையில் கொட்டியிருப்பேன். அம்மா என்னைப் பார்த்தாள். அவள் கை ஜன்னல் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. திட்டுவதற்கு நேரமில்லை என்று புரிந்தது.

"ஷார்கோ வீடு எங்க இருக்கு?" என்று கோய்கோவைக் கேட்டேன்.

"பக்கத்துக் கிராமம்தான். ஆனா மேடம், ஸ்லாவா அன்னிக்கு வீட்டுக்குப் போயி வேலைக்குக் கூப்பிடறதா?"

"கூப்பிட வேணாம். ஸ்லாவாவுக்கு யாரு வேணாலும் போகலாமில்ல? விருந்தாளியாப் போவோம்."

அவன் வண்டியில் போனோம். அந்த வீட்டில் ஏற்கெனவே கூட்டம். ஷார்கோவின் அப்பா மிலோயே வாசலில் நின்றார். என்னை யாரென்று கேட்கவில்லை. ஸ்லாவா அன்று அப்படிக் கேட்பதில்லை.

"ஐயா, ஒரு விஷயமா வந்தோம்," என்று ஆரம்பித்தேன்.

"விஷயமெல்லாம் சாப்பிட்டப்புறம். வாசல்ல நின்னு பேசுற நாளா இது? உள்ள வாம்மா."

உட்கார வைத்தார்கள். பிளம் சாராயம் வந்தது. சூப் வந்தது. நான் அவசரத்தில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். கோய்கோ அவசரமே இல்லாமல் முட்டைக்கோஸ் சுருளை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே தள்ளினான். காலையில் அவன் சாப்பிட்டிருக்கவில்லை போலும். மேசையின் மறுமுனையில் ஷார்கோ எங்களைப் பார்த்துவிட்டுத் தன் தட்டுக்குள் பார்வையைப் புதைத்துக்கொண்டான். மிலோயே நின்றபடியே எல்லோருக்கும் ஊற்றினார். என் கோப்பைக்கு வந்தபோது, "இப்ப சொல்லு," என்றார்.

சொன்னேன். பள்ளம், ஊன்றுகோல், ரொட்டி. அம்மாவின் நெஞ்சைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் குரல் காட்டிக்கொடுத்திருக்கும்.

"யாரு உங்கம்மா?"

"விதோசவா. பஸ் நிலையத்துல..."

அவர் புட்டியைக் கீழே வைத்தார். "அந்தக் குரலா?" மேசையில் இருந்தவர்கள் பக்கம் திரும்பி மூக்கால் பேசிக் காட்டினார். "'கவனியுங்கள். இரண்டாம் நடைமேடையிலிருந்து புறப்பட வேண்டிய பஸ் தாமதமாகிறது. காரணம், ஓட்டுநர் தாமதமாக எழுந்தார்.' ஒருநாள் மைக்குல அப்படியே சொல்லிடுச்சு அந்தம்மா. நான் ஆலைக்குப் போற பஸ்ஸு அது. அதுக்கப்புறம் அந்த ஓட்டுநர் ஒருநாளும் லேட்டா வந்ததில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிப்பு முதலில் நின்றது.

"டேய் ஷார்கோ. எந்திரி."

"அப்பா, இன்னிக்கு நம்ம ஸ்லாவா. வேலை செஞ்சா பாவம்னு நீங்கதானே சொல்வீங்க?"

"விருந்தாளிய சேத்துல நிக்க வைக்கிறது மட்டும் புண்ணியமா? இந்த வீட்டுக்காரன் நான். மெழுகுவத்தி என் பொறுப்பு. நீ போ. குடிச்சியா?"

"எங்க குடிக்க விட்டீங்க? காலையிலேர்ந்து பஸ் நிறுத்தத்துக்கும் வீட்டுக்குமா ஆளுங்கள ஏத்தி இறக்கிக்கிட்டிருக்கேன்."

"நல்லதாப் போச்சு. மச்சானையும் கூட்டிக்கோ."

நாங்கள் திரும்பியபோது தெருமுனையில் கார்கள் நின்றன. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நல்ல உடுப்பும் சேறு படிந்த காலணியுமாக ஏழெட்டுப் பேர். கையில் பூ, ஒயின் புட்டி, காப்பிப் பொட்டலம். உள்ளே போக முடியவில்லை, திரும்பிப் போகவும் மனமில்லை. லியூபிசாவ் தன் காரின் முன்சீட்டில், ஊன்றுகோல்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, எவ்வளவு நேரமா இருக்கீங்க?"

"அதை விடு. திரும்பிப் போனா நான் வரலேன்னு ஆயிடும். உள்ள போனா குழிக்குள்ள போயிடுவேன். அதான் உட்காந்துட்டேன். உங்கம்மாதான் பொழுது போகாம பழைய வேலையப் பாக்குறாளே, கேளு."

மாடி ஜன்னல் திறந்திருந்தது.

"கவனியுங்கள். ஏழாம் எண் வீட்டுக்கான வழி தாமதமாகிறது. வழி எப்போது திறக்கும் என்று இதுவரை தகவல் இல்லை. சூப் சூடாக இருக்கிறது."

வாருங்கள் என்று மட்டும் அவள் சொல்லவில்லை. வழக்கத்தை மீறவும் இல்லை.

ஷார்கோ வெள்ளைச் சட்டையோடு இயந்திரத்தில் ஏறினான். அவன் மச்சான் சங்கிலி கட்டினான். ஜல்லிக் குவியலுக்கு அடியிலிருந்து தகடு வெளியே வந்தது. துரு பிடித்து, முழுசாக. செப்டம்பரிலிருந்து அங்கேதான் கிடந்திருக்கிறது. அதை நினைத்துக் கோபப்பட எனக்கு அப்போது தெம்பில்லை. பள்ளத்தின் இரண்டு கரையிலும் தகடு போதுமான அளவு உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். ஒரு பக்கம் மண் சரிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் இழுக்கச் சொன்னேன். பிறகு நானே மேலே ஏறிக் குதித்துப் பார்த்தேன். கோய்கோவும் ஏறிக் குதித்தான். அவனைத் தாங்கினால் லியூபிசாவைத் தாங்கும் என்று தெசாங்கா கத்தினாள்.

லியூபிசாவ் இறங்கினார். ஒரு ஊன்றுகோல், மறு ஊன்றுகோல். நடுவில் ஒருமுறை நின்று பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். "நல்லா ஆழமாத்தான் தோண்டியிருக்காங்க," என்றார். வாசலில் அம்மா நின்றாள்.

"ஸ்லாவா நல்லபடியா நடக்கட்டும், வீட்டுக்காரம்மா!"

"வாங்க லியூபிசாவ். லேட்டு."

"பஸ் லேட்டு. நீயேதானே அறிவிச்சே."

அவர் பின்னால் எல்லோரும் வந்தார்கள். ஷார்கோவை உள்ளே அழைக்க முடியாது. அவன் வீட்டிலும் அதே புனிதர், அவன் அங்கே இருக்க வேண்டும். அம்மா ஒரு கரண்டிக் கோதுமையும் ஒரு கோப்பை சாராயமும் வாசலுக்கே எடுத்துக்கொண்டு போனாள்.

"வண்டி ஓட்டி முடிச்சப்புறம் இதைக் குடி. ஸ்லாவாவுக்கு ரெண்டாம் நாளும் உண்டு. நாளைக்கும் இந்தக் கதவு திறந்துதான் இருக்கும்."

"நாளைக்கு வேலை இருக்கும்மா."

"வேலை இங்கதானடா இருக்கு."

ரொட்டியைச் சுற்றி எல்லோரும் கைவைத்துத் திருப்பினோம். அம்மாவும் லியூபிசாவும் வெட்டினார்கள். ஒயின் ஊற்றினார்கள். அப்போது அம்மா தன் பாதியை என் கையில் வைத்தாள். அப்பாவின் வழியில் ஓர் உறவினர் தொண்டையைச் செருமினார்.

"இது ஆம்பளைங்க வழியாத்தானே போகும்?"

லியூபிசாவ் திரும்பவே இல்லை. "நீ இப்ப ஆறாவதாச் சாப்பிடுறியே முட்டைக்கோஸ் சுருள், அது எந்த ஆம்பளை சுருட்டினது?" பிறகு என்னிடம், எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்தபடியே, "கெட்டியாப் பிடிச்சுக்கோ நெவெனா. ரெண்டு கையாலயும்," என்றார்.

அதன்பிறகு அம்மா உட்கார்ந்தாள். அப்பா போனதிலிருந்து எல்லா ஸ்லாவாவிலும் நாள் முழுக்க நின்றவள். அன்று உட்கார்ந்து, என்னை நிற்கவிட்டு, எனக்கு வேலை ஏவினாள். அந்த மேசையில் ரொட்டி இல்லை, இந்தக் கோப்பை காலி, அந்தப் பெரியவருக்கு உப்பு வேணும். அவள் அவ்வளவு சந்தோஷமாக யாரையும் விரட்டி நான் பார்த்ததில்லை.

பிப்ரவரியில் போய்விட்டாள். பஸ் நிலையத்தில் மதியம் ஒருமுறை அவள் பெயரைச் சொன்னார்களாம். அம்மா இடத்துக்கு வந்த பெண் சொன்னாள், கொஞ்சம் தடுமாறினாள் என்று தெசாங்கா சொன்னாள். நான் கேட்கவில்லை. அப்போது அவளை அடக்கம் செய்யக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தேன்.

ஏப்ரலில் பள்ளத்தை மூடித் தார் போட்டார்கள். இலையுதிர் காலம் வந்ததும் எரிவாயுவுக்கு மறுபடியும் தோண்டப்போவதாகச் செய்தி வந்தது. நான் அந்த வாரக் கடைசியில் ஊரில் இருந்தேன். தெசாங்கா தலையில் அடித்துக்கொண்டாள். நானும் ஜன்னலிலிருந்து பார்த்து, வரிசை வரிசை என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் கோய்கோ தெருவின் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தான். இயந்திரம் இன்னும் வரவில்லை. எங்கள் கதவையும் தட்டினான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"திட்டம் போடுறதுக்கு முன்னாடி கேட்டுக்கலாம்னு. தெசாங்கா அக்கா வீட்டுல நிக்கோலாஸ், கடைசி வீட்டுல யோவான். அந்தந்த நாளுக்கு அந்தந்த வாசலத் தோண்டாம வச்சுக்குறேன். இந்த வீட்டுல இன்னும் ஸ்லாவா உண்டா?"

"உண்டு. மிக்கேல்தான்."

"இப்ப யாரு நடத்துறாங்க?"

"நான்."

தலையாட்டினான். அடுத்த வீட்டுக்குப் போக இரண்டடி வைத்தவன் திரும்பி வந்தான்.

"எனக்கு அன்னிக்கு வேலை இல்ல," என்றான்.

நான் வா என்று சொல்லவில்லை.